ஐந்தாவது படிவம்

உலகத்தில் எந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் அடித்தாலும் முதலில் அக்காவுக்குத்தான் தெரியும். சரி, கொஞ்சம் கூடுதலாகவே அளந்துவிட்டேன். பதினோரு மருத்துவமனைகளில் தடுப்பூசிக்குப் பிறகு யாருக்காவது உடம்புக்கு வந்தால், அந்தப் படிவம் அவள் மேசைக்கு வரும். அவள் கணினியில் ஏற்றினால், பல நாடுகள் சேர்ந்து கண்காணிக்கும் பொதுப் பட்டியலில் சேரும். இருபத்திரண்டு வருடமாக இதே வேலை.

பக்கத்து மேசை அவளுடைய ஓரகத்திக்கு. வந்து நாலு வருடம்கூட ஆகவில்லை. அவள்தான் ஒரே பேட்ச் எண்ணுள்ள ஊசி போட்ட நாலு குழந்தைகளுக்குக் காய்ச்சலோடு வலிப்பு வந்ததைக் கவனித்து எழுதினாள். கடல் கடந்து பதில் வந்தது: "எங்களிடமும் இரண்டு உண்டு. இன்னும் ஒன்று கிடைத்தால் எல்லா நாடுகளிலும் அந்த ஊசியை நிறுத்திச் சோதிப்போம். காணொளிக் கூட்டத்தில் நீங்களே பேசுங்கள்."

அந்த 'நீங்களே' அக்காவை முள்ளாய்க் குத்தியது.

"கேமராவுல தலைதான தெரியும்? எதுக்குடி புதுச் செருப்பு?" என்றாள், ஓரகத்தியின் காலைப் பார்த்து.

"ஏங்க்கா, எங்கேயோ கருகுற வாசனை வருதே?" என்று ஓரகத்தி சிரித்தாள்.

குழந்தை மூன்றாம் நாள் வீடு திரும்பிவிட்டால், பேட்ச் எண்ணைப் பார்க்காமலே 'சாதாரணம்' என்று முத்திரை குத்துவது அக்காவின் பழக்கம். அன்று திங்கட்கிழமை. அப்படி முத்திரை குத்திய பழைய படிவக் கட்டைப் பிரித்தாள். அதே எண். அதே வலிப்பு. ஐந்தாவது.

அனுப்பினால் ஊசி நிற்கும், ஓரகத்தியின் கொடி பறக்கும். அனுப்பாவிட்டால் நாலும் தற்செயல் என்று மூடிவிடுவார்கள். படிவம் அக்காவின் கைப்பைக்குள் போனது.

"தம்பி பெண்டாட்டி டிவியில வரப்போகுதாமே!" என்றார் கணவர்.

"டிவி இல்ல, கம்ப்யூட்டர்," என்று கரண்டியை டங்கென்று வைத்தாள்.

வியாழக்கிழமை ஒரு மருத்துவமனை நர்ஸ் போன் செய்தாள்: "வலிப்பு வந்துச்சே, அந்தப் பேட்ச் ஊசி இன்னும் நாப்பது இருக்கு. போட்டுரலாமாக்கா?"

'போடு' என்று சொல்ல அக்காவுக்கு வாய் வரவில்லை. "வேண்டாம், எடுத்து வை," என்றாள். பையைத் திறந்து படிவத்தை ஏற்றினாள்.

கூட்டத்தில் திரையிலிருந்த வெளிநாட்டு அம்மா ஐந்தாவது படிவத்தைத்தான் புகழ்ந்தாள். ஊசியை எல்லோரும் நிறுத்திவிட்டார்களாம். அக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"பார்த்த கையோட ஏத்திட்டேங்க!"

மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறக்குமுன் ஓரகத்தி மைக்கை இழுத்தாள்.

"கையோட இல்லீங்க. திங்கக்கெழமையே அக்கா மேசையில கட்டு பிரிஞ்சு கெடந்துச்சு, ஏத்துனது வியாழக்கெழமை. நடுவுல ஊசி போட்ட பிள்ளைங்களையும் தேடிப் பார்க்கணும். அதையும் சேர்த்துச் சொல்லிருங்க."