தங்கனீகா நண்பனும் என் இரண்டு கட்டுரைகளும்

எம்.ஏ. அரசியலில் நான் கிழக்கு ஆப்பிரிக்காவைச் சிறப்புப் பாடமாக எடுத்ததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. ஐரோப்பாவுக்கு எல்லோரும் முண்டியடித்தார்கள். ஆப்பிரிக்காவுக்கு நாங்கள் நான்கு பேர்தான். அதில் ஒருவன் தங்கனீகாவிலிருந்தே, இன்றைய டான்சானியாவிலிருந்தே, வந்தவன். சொந்த ஊரைப் பற்றிப் படிக்க பம்பாய்க்கு எதற்கு வந்தாய் என்று கேட்டேன். "உதவித்தொகை இங்கேதானே கிடைத்தது" என்றான்.

தாராவி வீட்டிலிருந்து மாகிம்வரை நடந்து, ரயில் பிடித்து, சர்ச்கேட்டில் இறங்குவேன். வகுப்பு முடிந்ததும் இருவரும் மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்துகொள்வோம். அவன் சுவாஹிலி சொல்லிக் கொடுப்பான். பல வார்த்தைகள் எனக்கு முன்பே தெரிந்திருந்தன. புத்தகத்துக்குக் கித்தாபு, உலகத்துக்குத் துனியா, வண்டிக்குக் காரி. தாராவித் தெருவில் பொறுக்கிய இந்தி ஒரு பல்கலைக்கழகப் பாடத்துக்கு உதவும் என்று நான் நினைத்ததே இல்லை.

அந்த வருஷம் தங்கனீகாவின் இந்தியக் கடைக்காரர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். கப்பலேறிப் போய், காட்டு வழி நடந்து, கடை போட்டவர்கள் என்று பெருமையாக எழுதியிருந்தேன். பேராசிரியர் வகுப்பிலேயே பாராட்டினார். நண்பனிடம் படிக்கக் கொடுத்தேன். மறுநாள் திருப்பிக் கொடுத்தான்.

"நன்றாக இருக்கிறது. ஆனால் இதில் எங்கள் ஆள் ஒருவன்கூட வாயைத் திறக்கவில்லையே. எங்கள் ஊர்க் கடைக்காரர் பெயர் எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் என் அப்பாவைக் கடைசிவரை 'ஏ பையா' என்றுதான் கூப்பிட்டார்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு வாரம் அவனோடு பேசவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனேன். அவர் வேலை பார்த்தது தோல் பட்டறையில். முதலாளி உள்ளே இருந்து, "ஏ மதராசி, இதர் ஆ" என்று கூப்பிட்டார். அப்பா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். பதினெட்டு வருஷமாக அங்கே வேலை பார்க்கிறவர். அதுவரை எத்தனையோ தடவை அந்தக் குரலைக் கேட்டிருக்கிறேன். அன்றுதான் காதில் உறைத்தது.

மறுநாள் நண்பனின் ஹாஸ்டலுக்குப் போனேன். "உன் அப்பா பெயர் என்ன?" என்று கேட்டேன். சொன்னான். அங்கிருந்து தொடங்கி, பல நாள் உட்கார்ந்து அவன் சொல்லச் சொல்லக் கட்டுரையைத் திருப்பி எழுதினேன்.

எழுதி முடித்ததும் அவனை வீட்டுக்குச் சாப்பிட அழைத்து வந்தேன். கை கழுவப் போனவன், பழக்கத்தில் தன் பாஷையில் "சபூனி" என்று கேட்டான். அம்மா சட்டென்று சோப்பை எடுத்து நீட்டினாள்.

"தம்பிக்கு இந்தி நல்லாத் தெரியுதே. நீ என்னமோ வேற பாஷைன்னு சொன்ன" என்றாள் என்னிடம்.

"அது அவங்க பாஷைம்மா."

"போ லே, எனக்குத் தெரியாதாக்கும். இன்னும் ரெண்டு துண்டு மீன் வைக்கட்டுமான்னு கேளு."

அவன் மூன்று துண்டு சாப்பிட்டான். அப்பா அவன் வாசலில் கழற்றிவிட்டிருந்த செருப்பைப் புரட்டிப் பார்த்து, தையல் நல்ல தையல் என்றார்.

இரண்டாவது கட்டுரையைப் படித்த பேராசிரியர், "இதற்கெல்லாம் ஆதார நூல் எது?" என்று கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனைக் காட்டினேன். மதிப்பெண் குறைந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை.

பரீட்சை முடிந்து அவன் கப்பலேறினான். பள்ளியில் ஆசிரியராகிவிட்டதாக எழுதினான். ஒவ்வொரு கடிதத்திலும் அம்மாவின் மீன் குழம்பைப் பற்றி ஒரு வரி இருக்கும். பிறகு எனக்குத் துறைமுக அலுவலகத்தில் வேலை கிடைத்து, நாங்கள் செம்பூருக்குக் குடிபோனோம். புது முகவரியை எழுத வேண்டும், எழுத வேண்டும் என்று தள்ளிப்போட்டேன். ஒரு வருஷம் கழித்து எழுதியபோது பதில் வரவில்லை.