புதுசுதான் வேண்டும் என்றவள்

சட்டைத் தொழிற்சாலையில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். யார் வைத்தார்கள் என்று தெரியாது. மேலாளர் முதல் வாசல் காவலாளி வரை எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். தைத்து முடித்த சட்டைகள் அவளுடைய மேசைக்கு வரும். தலைக்கு மேல் குழல்விளக்கு, கைக்கெட்டும் தூரத்தில் சிவப்பு ஸ்டிக்கர் சுருள். காலரைப் புரட்டி, கைப்பட்டியை இழுத்து, உள்தையலைத் திருப்பி ஒரு சட்டையைப் பார்த்து முடிக்க மற்றவர்களுக்கு ஒன்றரை நிமிடம் ஆகும். அவளுக்கு அதில் பாதி போதும். விட்டுப்போன தையலோ எண்ணெய்ப் பொட்டோ அவள் கண்ணுக்குத் தப்பாது. குறை இருக்கும் இடத்தில் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு அடுத்ததை எடுப்பாள். தையல்காரிகள் அவளைத் திட்டிக்கொண்டே மதித்தார்கள்.

வீட்டில் அவளும் தம்பியும் மட்டும். அவளுக்குப் பத்தொன்பது, அவனுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அம்மா போனாள். பதினோரு மாதம் கழித்து அப்பாவும் போனார். அக்கம்பக்கத்தார் மோசமானவர்கள் இல்லை. அவரவர் பிள்ளைகளுக்குச் சின்னதாகிப் போன உடுப்புகளைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவளும் வாங்கிக்கொண்டாள். ஒருநாள் தம்பி பள்ளியிலிருந்து வெறும் பனியனோடு வந்து நின்றான், கையில் சுருட்டிய சட்டை. மேல் வகுப்புப் பையன் ஒருவன் விளையாட்டு மைதானத்தில் எல்லோர் முன்னாலும், "அது என் சட்டை, கழட்டு" என்றானாம். இவனும் மறுபேச்சுப் பேசாமல் கழற்றிவிட்டானாம். அந்தப் பையன் சிரித்துவிட்டுச் சட்டையை வாங்காமலே போய்விட்டான். இதையெல்லாம் தம்பி அழாமல் சொன்னதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அன்றிலிருந்து பிறர் கைபட்ட பொருள் எதையும் அவள் அவனுக்குக் கொடுத்ததில்லை. தனக்கு எப்படியோ ஓட்டிக்கொண்டாள். தொழிற்சாலையில் ஒதுக்கித் தள்ளிய சட்டைகளையே வருடக்கணக்கில் போட்டாள். அறுந்த செருப்பை மூன்று முறை தைத்துப் போட்டாள். அவனுக்கு மட்டும் பென்சில் பெட்டியிலிருந்து சைக்கிள் வரை கடையில் உறை பிரித்ததுதான். நல்ல இடத்திலிருந்து இரண்டு முறை பெண் கேட்டு வந்தார்கள். தம்பி படிப்பு முடியட்டும் என்றாள். படிப்பு முடிந்தபோது யாரும் வரவில்லை. அதைப் பற்றி அவள் பெரிதாக அலட்டிக்கொண்டதாகவும் தெரியவில்லை.

தம்பி புகைப்படக்காரன் ஆனான். கல்யாண வரவேற்பு, பிறந்தநாள், பள்ளிக்கூடக் குழுப்படம் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனான். படம் எடுப்பதைவிட ஆளைச் சிரிக்க வைப்பதில்தான் கெட்டிக்காரன். விறைத்துக்கொண்டு நிற்கும் பெரியவர்களைப் பார்த்து, "மாமா, பல்லு புடுங்க வந்தவர் மாதிரி நிக்காதீங்க" என்பான். அவர் சிரிக்க, சுற்றி நிற்பவர்கள் சிரிக்க, அந்த நொடியில் அமுக்கிவிடுவான். வீட்டுக்கு வந்து அக்காவிடம் ஒவ்வொரு படமாகக் காட்டுவான். அவள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, இவருக்குக் காலர் மடங்கியிருக்கிறது, அந்தப் பெண்ணுக்குப் பொட்டு நகர்ந்திருக்கிறது என்பாள். "உனக்குச் சிரிப்பே தெரியாதா அக்கா?" என்று கேட்டுவிட்டு அவனே சிரிப்பான்.

அவனுக்கு இருபத்தொன்பது நடந்துகொண்டிருந்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை, ஆறு வருடமாக உழைத்த கேமரா படுத்துவிட்டது. பழுது பார்ப்பவர் திறந்து பார்த்து, இதற்குச் செலவழிப்பது வீண் என்று கைவிரித்தார். அந்த ஞாயிறன்று ஒரு வரவேற்புக்கு ஒப்புக்கொண்டிருந்தான். மறுநாள் வேலை முடிந்ததும் அக்காவும் தம்பியும் பேருந்து நிலையத்தை ஒட்டிய கேமரா கடைக்குப் போனார்கள்.

கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். தம்பியை முன்பே தெரியும். அவன் கேட்ட மாடல் கைவசம் புதுசாக இல்லை, சொல்லிவைத்தால் பத்து நாளில் வந்துவிடும் என்றார். ஆனால் அதே மாடல் ஒன்று கண்ணாடிப் பெட்டியின் மேல் இரும்புக் கம்பியால் கட்டி வைத்திருந்தது, வருகிறவர்கள் எடுத்துப் பார்ப்பதற்கு. ஏழெட்டு மாதமாக அங்கேதான் இருக்கிறது. விலையில் கால்பங்குக்கு மேல் குறைத்துத் தருகிறேன், உத்தரவாதமும் ஒரு வருடம் உண்டு என்றார்.

தம்பியின் முகம் மலர்ந்துவிட்டது. கம்பியோடு சேர்த்துக் கையில் எடுத்து ஜன்னல் பக்கம் திருப்பினான், தெருவைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான், அக்காவைப் பார்த்து இரண்டு தடவை அமுக்கினான். எவ்வளவு படம் எடுத்திருக்கிறது என்ற கணக்கைத் திரையில் வரவழைத்துப் பார்த்தான். இது ஒன்றுமே இல்லை, தன் வேலையில் இரண்டே மாதத்தில் இவ்வளவு எடுத்துவிடுவேன் என்றான். இதையே எடுத்துக்கொள்வோம், ஞாயிற்றுக்கிழமைக்கும் ஆச்சு, மிச்சத்துக்கு நல்ல லென்ஸ் ஒன்று பார்க்கலாம் என்றான்.

"இங்க கொடு" என்றாள் அக்கா.

அவள் வாங்கிப் பார்த்தது சட்டையைப் பார்ப்பது போலத்தான். சுற்றிச் சுற்றித் திருப்பினாள். திரையின் ஓரத்தில் நகம் பட்டது போல ஒரு கோடு. பிடிக்கிற இடத்தில் ரப்பர் மழுங்கியிருந்தது. கம்பியை ஒட்டிய இடத்தில் பசை கறுத்துப் பிசுபிசுத்தது. மூன்றையும் விரலால் தொட்டுக் காட்டினாள். தம்பி சிரித்தான்.

"அக்கா, இது சட்டை இல்ல. உள்ள இருக்கறதுதான் முக்கியம்."

"எத்தனை பேரு கைபட்டதோ. உனக்கு நான் என்னைக்காவது அடுத்தவங்க தொட்டதை வாங்கிக் கொடுத்திருக்கேனா?"

"அப்ப நான் சின்னப் பையன். இப்ப எனக்கு ஒண்ணும் இல்லக்கா. நிஜமா."

அவள் கடைக்காரரைப் பார்த்து, நீங்களே சொல்லுங்கள், உங்கள் பிள்ளையாக இருந்தால் எதை வாங்கிக் கொடுப்பீர்கள் என்று கேட்டாள். கடைக்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, அக்கா சொல்வதும் சரிதான், புதுசு புதுசுதானே என்றார். அதற்குமேல் தம்பி வாதாடவில்லை. முன்பணம் கட்டும்போது கடைக்காரரிடம், "எங்க வீட்டுல உச்ச நீதிமன்றமே இதுதாங்க" என்றான். மூவரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

ஞாயிறு வரவேற்புக்கு யாரிடமாவது இரவல் வாங்கிக்கொள்கிறேன் என்றான். ஊருக்குள் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அன்று வேலை இருந்தது. பக்கத்து ஊரில் ஒரு நண்பன் தருவதாகச் சொன்னான். சனிக்கிழமை காலை, அவள் வேலைக்குக் கிளம்பும் முன்னே, அரை மணி நேரப் பாதைதானே என்று மோட்டார் சைக்கிளில் கிளம்பினான். லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. அவள் மழைக்கோட்டை எடுத்துக் கொடுத்தாள். சாலையோரம் நின்ற மணல் லாரி ஒன்று பார்க்காமல் திரும்பியது என்று பிறகு சொன்னார்கள். அவள் சட்டை பார்த்துக்கொண்டிருந்த மேசைக்கு மேலாளரே நேரில் வந்து கூப்பிட்டார். கையிலிருந்த சட்டையை மடித்து வைத்துவிட்டு எழுந்தாளாம். அது நல்ல சட்டையா குறையுள்ள சட்டையா என்று அவளுக்குப் பிறகு ஞாபகமே வரவில்லை.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

வந்தவர்கள் விதி என்றார்கள். லாரிக்காரனைத் திட்டினார்கள். மழையைத் திட்டினார்கள். அவன் எதற்காகப் பக்கத்து ஊருக்குப் போனான் என்று யாரும் துருவிக் கேட்கவில்லை. வேலையாகப் போனான் என்பதோடு விட்டுவிட்டார்கள். அவளும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளோ என்னவோ.

கண்ணாடி உடைந்த அவனுடைய செல்போனைப் போலீஸ்காரர்கள் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதை அவள் தினமும் சார்ஜில் போட்டாள். விஷயம் தெரியாத வாடிக்கையாளர்கள் கூப்பிட்டார்கள். ஒவ்வொருவரிடமும் அவளே சொன்னாள். கேமராவுக்கு முன்பணம் கட்டிய ஒன்பதாம் நாள் அப்படி வந்த ஓர் அழைப்பை எடுத்தாள். இவள் வாய் திறக்கும் முன்னே மறுமுனையில் உற்சாகமான குரல்.

"தம்பி, கேமரா ஒரு நாள் முன்னாடியே வந்துருச்சு. அக்காவையும் கூட்டிட்டு வாங்க. அவங்க குறை பார்த்துச் சொன்னாத்தான் எனக்கும் திருப்தி."

"வர்றேங்க" என்றாள். எல்லோரிடமும் சொன்னவளுக்கு அவரிடம் மட்டும் சொல்ல வாய் வரவில்லை.

சாயங்காலம் போனாள். கடைக்காரர் அவளுக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார். தம்பி வண்டியை நிறுத்திக்கொண்டிருப்பான் என்று நினைத்தாரோ என்னவோ, பேசிக்கொண்டே பெட்டியை எடுத்து வைத்து உறையைக் கிழித்தார். கேமராவை இரண்டு கையாலும் அவளிடம் கொடுத்தார். அவள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்க்க ஆரம்பித்தாள்.

வாழ்நாளில் எந்தப் பொருளையும் அவள் அப்படிப் பார்த்ததில்லை. திரையைச் சாய்த்து வெளிச்சத்தில் காட்டினாள். மூடியைத் திறந்து மூடினாள். திருகாணி ஒவ்வொன்றையும் நகத்தால் தடவினாள். ஒரு குறை வேண்டியிருந்தது அவளுக்கு. மயிரிழை அளவு ஒரு கோடு கிடைத்தால் போதும். புதுசும் அப்படித்தான், இதற்காகவா என்று எதையாவது திட்டலாம். கால்மணி நேரம் தேடினாள். ஒன்றும் இல்லை. அழகாக இருந்தது கேமரா.

கண்ணாடிப் பெட்டியின் மேல் வேறு ஏதோ மாடல் கட்டி வைத்திருந்தது. அந்தப் பழையது எங்கே என்று கேட்டாள். மறுநாளே ஒருத்தர் வாங்கிக்கொண்டு போய்விட்டார், நேற்றுக்கூட வந்திருந்தார், அருமையாக வேலை செய்கிறதாம் என்றார் கடைக்காரர். சொல்லிவிட்டு, தம்பி எங்கேம்மா என்று கேட்டார்.

அவள் சொன்னாள். எங்கே போனான், எதை வாங்கப் போனான் என்பதையும் சேர்த்துச் சொன்னாள். அவரிடம் மட்டும்தான் முழுதாகச் சொல்ல முடிந்தது.

கடைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். யாரோ ஒருவர் பேட்டரி கேட்டு உள்ளே வந்தார். இல்லை என்று கையாட்டி அனுப்பினார். பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அந்தப் பழசுல ஒரு குறையும் இல்லம்மா. எனக்கு அன்னைக்கே தெரியும். நீங்க என்னைக் கேட்டீங்க. நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். புதுசு வித்தா நாலு காசு கூட நிக்குமேன்னு வாயை மூடிக்கிட்டேன்."

குறை கண்டுபிடிப்பதே தொழிலாக இருந்தவள், ஒருவர் தானாகவே தன் குறையைக் காட்டும்போது அதைத் தொடவில்லை.

"நீங்க சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேங்க" என்றாள்.

முன்பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று அவர் எவ்வளவோ மன்றாடினார். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. மீதியையும் கட்டிவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய், தம்பியின் அலமாரியில், அவனுடைய பழைய கேமராவுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒரு மாதம் அது அங்கே இருந்தது. வீட்டில் எந்த மூலைக்குப் போனாலும் அந்தப் பெட்டி தெரிந்தது. துணியைப் போட்டு மூடிப் பார்த்தாள். துணி பெட்டியைவிட மோசமாகத் தெரிந்தது.

ஒரு மாலை அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு மறுபடியும் கடைக்குப் போனாள். இதையும் கம்பியில் கட்டி வையுங்கள், வருகிறவர்கள் எடுத்துப் பார்க்கட்டும் என்றாள். கடைக்காரருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தயங்கினார்.

"கண்டபடி கையாளுவாங்கம்மா. பாழாப் போயிடும்."

"போகட்டுங்க. பிடிச்சிருந்தா கொடுத்துடுங்க. அன்னைக்கே கொடுத்துடுங்க."

அவர் கம்பியை மாட்டிக்கொண்டிருக்கும்போதே அவள் வெளியே வந்துவிட்டாள். அதன்பிறகு அந்தத் தெருப் பக்கம் அவள் போவதில்லை. தொழிற்சாலைக்கு வேறு பேருந்து பிடித்தாள். அதில் போனால் இருபது நிமிடம் சுற்று. கேமரா விற்றதா, இன்னும் அங்கேயே இருக்கிறதா என்று அவளுக்குத் தெரியாது.

வேலையில் அவள் கை குழம்பியது. சில நாள் எல்லாச் சட்டையிலும் ஸ்டிக்கர் ஒட்டினாள். சில நாள் ஓட்டைச் சட்டைகள்கூட அவள் மேசையைத் தாண்டிப் போய்விட்டன. வெளியூருக்குப் போன ஒரு சுமை அப்படியே திரும்பி வந்தது. மேலாளர் நல்ல மனிதர். மூன்று மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, கொஞ்ச நாள் மடிக்கிற பக்கம் இருந்தால் என்ன என்று கேட்டார். சரி என்றாள். அங்கே எதையும் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. அட்டையை வைத்து, கையை மடக்கி, பையில் போட வேண்டும். பூதக்கண்ணாடி என்று கூப்பிடுவதை எல்லோரும் தாங்களாகவே நிறுத்திவிட்டார்கள்.

மடிக்கிற இடத்தில் அவளுக்கு எதிரே ஒரு பெண். இரண்டு பிள்ளைகளின் தாய், ஓயாமல் பேசுகிறவள். ஒரு மதியம் சாப்பாட்டு நேரத்தில், அவளுடைய பெரிய பையன் காலேஜுக்குக் கம்ப்யூட்டர் கேட்கிறான் என்றும், பழசு ஒன்று சல்லிசாக வருகிறது, புதுசே வாங்குவதா அதையே வாங்கிவிடுவதா என்று ஒரு வாரமாக வீட்டில் இதே பேச்சு என்றும் சொல்லிக்கொண்டிருந்தாள். நீ என்ன சொல்கிறாய் என்றும் கேட்டாள்.

இவள் சாப்பாட்டு டப்பாவை மூடினாள்.

"என் தம்பி இருக்கறதையே எடுத்துக்கறேன்னுதான் சொன்னான். நான்தான் விடல" என்றாள்.

எதிரே இருந்தவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு இவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல விளங்கியது. உன் மேல் தப்பில்லை என்று அவள் சொல்லவில்லை. விதி என்றும் சொல்லவில்லை. கை கழுவ எழுந்தவள் திரும்பி வந்து, எச்சில் கையோடு பக்கத்தில் உட்கார்ந்து, மறு கையால் இவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். தம்பி அன்று பள்ளியிலிருந்து பனியனோடு வந்து நின்றதை இவள் சொன்னபோது இரண்டு பேருமே அழுதார்கள்.

மணி அடித்தது. மற்றவர்கள் எழுந்து போனார்கள். இவர்கள் அன்று சற்றுத் தாமதமாகத்தான் மேசைக்குப் போனார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.