காலைப் பார்த்துப் பேசியவள்

புதுச்சேரியிலிருந்து செடி சேகரிக்க வந்த பிரெஞ்சுத் துரைக்கு நான்தான் மொழிபெயர்ப்பாளன். மலைமேல் அரியூர் நாட்டில் சாமிக்காட்டுக்குப் போகும் தடத்தை மறித்துக்கொண்டு ஓர் அம்மாள் நின்றாள். குள்ளம், நரைத்த கொண்டை, இடுப்பில் கொடுவாள். பேசும்போது யார் முகத்தையும் பார்க்க மாட்டாள், காலைத்தான் பார்ப்பாள்.

துரைக்கு உள்ளே பூத்திருந்த மரத்தில் ஒரு கிளை வேண்டும்.

"சாமி மரமுங்க. ஒடிக்க உடமாட்டேன்."

அதை அப்படியே துரையிடம் சொல்ல எனக்குப் பயம். பிரெஞ்சில் 'பா' என்றால் வெறும் மறுப்பு. 'பாஸாங்கோர்' என்றால் இப்போதைக்கு இல்லை. நான் இரண்டாவதைச் சொன்னேன். துரை சிரித்தபடி கல்லில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார்.

அவள் அந்தக் காலைப் பார்த்தாள். "ஏனுங்க, நான் சொன்னதையா சொன்னீங்க? அப்பறம் எதுக்குக் காத்துக்கிட்டு உக்காந்திருக்காரு?"

'ப்ளு' என்று மாற்றிச் சொன்னேன். முன்பு உண்டு, இனிமேல் இல்லை என்று அர்த்தம். "அப்படியானால் முன்பு யாருக்குக் கொடுத்தாளாம்?" என்று துரை சீறினார். அதையும் அவளிடம் சொன்னேன்.

"ஆருக்குங் குடுக்கலீங்க. எங்க பாட்டன் காலத்துலயும் இல்ல, எம் பேரன் காலத்துலயும் இல்ல. அதுக்கு அவிங்க பேச்சுல வார்த்தை இருக்குதுங்களா?"

இருந்தது. 'ஜமே.' ஒருநாளும் இல்லை.

சொன்னேன். துரை எழுந்து இறக்கத்தில் நடந்தார்.

நான் மட்டும் அந்தப் பூவை அண்ணாந்து பார்த்தபடி நின்றேன். அவள் என் காலைப் பார்த்தாள்.

"உங்களுக்கும் அதே வார்த்தைதானுங்க."