கரிக்கொட்டகையில் சீட்டுக் குறி

பரளச்சிப் பக்கம் கரி வியாபாரம் பார்ப்பவர்கள் ஆறேழு பேர் இருக்கிறார்கள். ஆனால் அருப்புக்கோட்டையில் பஸ் ஏறி, கரிக்கொட்டகையில் இறங்க வேண்டும் என்று சொன்னால், தனுஷ்கோடி அண்ணாச்சியின் கொட்டகை வாசலில்தான் கண்டக்டர் விசில் ஊதுவார். மற்றவர்களுக்கு இதில் வருத்தம் உண்டு. வருத்தப்பட்டு என்ன செய்ய? மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுச் சீமைக்கருவேல் முள்ளில் கையைக் கிழித்துக்கொண்டு வளர்ந்த மனிதர் அவர். அறுபத்தேழு வயதில் இன்றைக்குச் சொந்தமாக இரண்டு லாரி ஓடுகிறது. தன் பெயரைத் தவிர வேறொன்றும் எழுத வராது. கரி மூட்டையை ஒரு கையால் தூக்கிப் பார்த்து எடை சொல்வார். தராசு முள் தப்பினாலும் தப்பும், அவர் சொன்னது தப்பாது.

கரி எத்தனை ஊருக்கு லோடு போனாலும், அவர் பேர் போனது சீட்டுக் குறியால்தான்.

இருபத்தெட்டு வயதில் பாலக்காட்டுக்குக் கரி லோடு கொண்டுபோனபோது லாரி மக்கர் பண்ணி ஒன்பது நாள் ஒரு பட்டறையில் கிடந்தார். அங்கே காவலுக்கு இருந்த மலையாளத்துக்காரர் சீட்டுக்கட்டை விரித்துக் குறி சொல்வார். பட்டறையில் பத்துப் பேர் பார்த்தார்கள். கற்றுக்கொண்டு வந்தது தனுஷ்கோடி ஒருவர்தான். ஆட்டின் விழுந்தால் வீடும் உறவும் செழிக்கும். டைமன் விழுந்தால் சரக்கு விற்கும். கிளாவர் விழுந்தால் வேலை உண்டு, பயணம் உண்டு. இஸ்பேடு விழுந்தால் வேண்டாம், நிறுத்து என்று பொருள். மூன்று சீட்டு எடுக்க வேண்டும். முதல் சீட்டு நடந்தது, இரண்டாவது நடப்பது, மூன்றாவது வரப்போவது. அவ்வளவுதான் பாடம். மிச்சமெல்லாம் சொல்கிறவன் வாய்ச் சாமர்த்தியம் என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்களை அண்ணாச்சி கொட்டகைக்குள் விடுவதில்லை.

செவ்வாயும் வெள்ளியும் காலையில், மூட்டை கட்டுகிற வேலை நடக்கும்போதே, எடைத் தராசுக்குப் பக்கத்தில் இரண்டு மூட்டையைச் சேர்த்துப் போட்டு, மேலே வெள்ளைத் துண்டை விரித்து உட்காருவார். ஒரு வெற்றிலைகூட வாங்கமாட்டார். அவருக்கு மூன்று சட்டம் உண்டு. குடும்ப விஷயம் கேட்டால் அந்த வீட்டுப் பெண்தான் சீட்டு எடுக்க வேண்டும். ஒரு கேள்விக்கு ஒரு தடவைதான், மறு கட்டு கிடையாது. விழுந்ததை விழுந்தபடி சொல்ல வேண்டும். வீரசோழனிலிருந்து கார் போட்டு வந்த பெரிய வியாபாரி ஒருவர், பிடிக்காத சீட்டு விழுந்ததும் இன்னொரு தடவை விரிக்கச் சொன்னார். "மொதலாளி, பிடிக்கலன்னா மாத்தி வாங்க இது துணிக்கடையில்ல" என்று வாசலைக் காட்டியவர் அண்ணாச்சி.

நல்ல சீட்டு விழுந்துவிட்டால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். சீட்டின் முதுகில் கட்டைவிரலை அழுத்திப் பிடித்து உயர்த்தி, சல்லடை பிடிக்கிற பெண்கள், லோடு ஏற்றுகிறவர்கள், வாசலில் நிற்கிற ஆட்டுக்காரன் வரை எல்லோருக்கும் காட்டுவார். "பாத்துக்கோங்கப்பா, ஆட்டின் ராணி! நான் சொல்லல, சீட்டு சொல்லுது." கெட்ட சீட்டு விழுந்தால் நகத்தால் சுண்டிக் கவிழ்த்துவிடுவார். ஆனால் கெட்ட சீட்டு எங்கே விழுந்தது? வருஷத்துக்கு நாலைந்து விழுந்தால் அதிகம். அண்ணாச்சி கைராசி அப்படி, நல்ல வாக்கு தவிர வேறு வராது என்று காரியாபட்டி வரை பேச்சு. அதனால்தான் ஆறு வருஷமாக ஒரே கட்டு. சிவப்புக் கட்டம் போட்ட முதுகு. ஓரமெல்லாம் மழுங்கிப் பஞ்சாகிவிட்டது. வாக்குப் பிடித்த கட்டை யாராவது மாற்றுவார்களா?

போன பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை, கொத்தனார் உக்கிரபாண்டி தன் மனைவி முருகலட்சுமியைக் கூட்டிக்கொண்டு வந்தான். ஊருக்குத் தெற்கே அவனுக்கு ஐந்து ஏக்கர் வானம் பார்த்த நிலம். உழுது பன்னிரண்டு வருஷம். சீமைக்கருவேல் ஆள் நுழைய முடியாதபடி அடைத்துக் கிடந்தது. சோலார் கம்பெனி ஏஜெண்டு நிலம் கேட்டிருந்தார். விற்றுவிட்டுக் குட்டியானை வண்டி ஒன்று வாங்கிச் செங்கல், மணல் அடிக்கலாம் என்பது உக்கிரபாண்டியின் நினைப்பு. முருகலட்சுமிக்கு அது ஆகவில்லை. வெட்டி, வேரைத் தோண்டி, மழைக்கு முன்னால் உளுந்தும் குதிரைவாலியும் போட வேண்டும் என்று ஒரு மாதமாக வீட்டில் சண்டை. கடைசியில் உக்கிரபாண்டி சொன்னான்: அண்ணாச்சி சீட்டு என்ன சொல்லுதோ அதுதான் முடிவு. அவளும் சரி என்றுவிட்டாள். அவள் அவ்வளவு லேசில் ஒத்துக்கொண்டது அவனுக்கே ஆச்சரியம்.

அண்ணாச்சிக்கும் இதில் ஒரு ஆசை இருந்தது. நிலம் கைமாறினால் முள்ளை வெட்டிக்கொள்கிற வேலை உமக்குத்தான் என்று ஏஜெண்டு வாக்குக் கொடுத்திருந்தார். ஐந்து ஏக்கர் முற்றிய கருவேல். ஆறு மாதத்துக்குக் கரி மூட்டம் அணையாது. அதற்காகச் சீட்டைத் திரிக்கிற ஆள் இல்லை அவர். திரிக்க வேண்டிய அவசியமும் இல்லை. எப்படியும் நல்ல சீட்டுத்தானே விழப்போகிறது?

"என்னப்பா உக்கிரபாண்டி, கேள்விய நீயே சொல்லு. எல்லாரும் கேக்கட்டும்" என்றார்.

"தெக்குக்காட்ட விக்கலாமா அண்ணாச்சி? அம்புட்டுத்தான்."

"தாயி, நீ வந்து எடு. சாமிய நெனச்சுக்கிட்டு எடு."

ஐம்பத்திரண்டு சீட்டையும் கவிழ்த்து விரித்தார். வருகிற பெண்கள் கண்ணை மூடிக் கும்பிட்டு, திறந்ததும் கண்ணில் பட்டதை எடுப்பார்கள். முருகலட்சுமி கண்ணை மூடவில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குகிறவள் மாதிரி ஒரு தடவை பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. எடுத்து முன்னால் வைத்துவிட்டாள்.

அண்ணாச்சி திருப்பினார். இஸ்பேடு ஒன்பது. சுண்டிக் கவிழ்த்தார். இஸ்பேடு ஜாக்கி. மூன்றாவதைத் திருப்பும்போது மூட்டை தைத்துக்கொண்டிருந்த சங்கையா ஊசியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். இருபது வருஷமாக அண்ணாச்சியிடம் வேலை பார்க்கிறவர் அவர்.

இஸ்பேடு ஏஸ்.

"ஆத்தாடி! மூணும் இஸ்பேடா?" என்றார் சங்கையா. "அண்ணாச்சி, நான் இங்க வந்து சேந்த நாளா இப்பிடி விழுந்து பாத்ததில்லயே."

"ஒன் வேலையப் பாரு. கட்டு சரியாக் கலையல" என்று அண்ணாச்சி சீட்டுகளை வாரினார். "இன்னொரு தடவ எடு தாயி."

"ஏன் அண்ணாச்சி, மறு கட்டு கெடையாதுன்னு நீங்கதான சொல்லுவீக?" முருகலட்சுமி சத்தம் போடாமல்தான் கேட்டாள். ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"வீரசோழன் மொதலாளிக்கே கெடையாதுன்னீக" என்று சங்கையா வேறு எடுத்துக்கொடுத்தார்.

"கலையாத கட்டு கட்டே இல்ல. அது கணக்குல சேராது" என்று அண்ணாச்சி சொன்னாலும், சொந்தச் சட்டத்தைத் தானே மீறுகிறது அவருக்கே உறைத்தது. நன்றாகக் கலைத்தார். உக்கிரபாண்டியையும் கலைக்கச் சொன்னார். மறுபடி விரித்தார். இந்தத் தடவை சீட்டைப் பார்க்கவில்லை, அவள் கண்ணைப் பார்த்தார்.

அவள் கண் துண்டின் மேல் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு மேய்ந்தது. ஓரிடத்தில் நின்றது. கை அங்கே போனது. மறுபடி மேய்ந்தது, நின்றது, எடுத்தது. அண்ணாச்சியின் கண்ணும் அந்தத் தடத்திலேயே போனது. ஆறு வருஷமாகத் தன் கையில் புழங்கிய கட்டின் முதுகை அன்றைக்குத்தான் அவர் முதல் தடவையாகப் பார்த்தார் என்று சொல்ல வேண்டும்.

நிறையச் சீட்டின் முதுகில் நடுவில் கறுப்பாக ஒரு கட்டைவிரல். ஒன்றின் மேல் ஒன்றாகப் பதிந்து, நாலணாக் காசு அகலத்துக்குக் கரி ஏறியிருந்தது. பத்துப் பதிமூன்று சீட்டு மட்டும் நடுவில் சிவப்புக் கட்டம் அழியாமல் வெளுப்பாகக் கிடந்தன. அவள் எடுத்த மூன்றும் அந்த வெளுப்பில்தான்.

திருப்பிப் பார்க்கவே வேண்டாம். இஸ்பேடு ராஜா, இஸ்பேடு நான்கு, இஸ்பேடு ஏழு.

அண்ணாச்சிக்கு எழுத்துத்தான் வராது, கணக்கு உடனே வரும். நல்ல சீட்டை அழுத்திப் பிடித்துக் காட்டியவர் யார்? அவர். கரிக் கையோடு காட்டியவர் யார்? அவர்தான். கறுத்த சீட்டின் மேல் வருகிறவர் கண் தானாகப் போகும். பல பேர் எடுத்த சீட்டு, ராசியான சீட்டு என்று கையும் போகும். எடுக்க எடுக்க அது இன்னும் கறுக்கும். சுண்டிக் கவிழ்த்த இஸ்பேடு வெளுத்தே கிடக்கும். காரியாபட்டி வரை போன கைராசி இதுதான்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். சீட்டில் கரி ஒட்டியிருக்கிறது, இவள் பார்த்து எடுக்கிறாள், செல்லாது. ஐந்து ஏக்கர் முள் அவருக்கு. ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னால் ஆறு வருஷ வாக்கும் அதோடு போகும். அதையும் தாண்டி இன்னொன்று இருந்தது. விழுந்ததை விழுந்தபடி சொல்வேன் என்றவர் அவர். விழுந்திருப்பது ஆறு இஸ்பேடு.

"என்ன அண்ணாச்சி, சொல்லுங்க" என்றான் உக்கிரபாண்டி. அவன் முகம் செத்துப்போயிருந்தது.

அண்ணாச்சி சீட்டுகளை ஒன்றாக அடுக்கினார். "விக்காத."

"அண்ணாச்சி..."

"ஒரு தடவ இல்ல, ரெண்டு தடவ விழுந்திருச்சு. நடந்ததுலயும் வேண்டாம், நடக்கிறதுலயும் வேண்டாம், வரப்போறதுலயும் வேண்டாம். இதுக்கு மேல சீட்டு எழுந்து வந்து ஒன் காதுலயா சொல்லும்? நெலத்துல கைய வைக்காத. போ."

உக்கிரபாண்டி எழுந்து வெளியே போய்ப் பைக்கை உதைத்தான். முருகலட்சுமி செருப்பை மாட்டுகிற சாக்கில் நின்றாள்.

"அண்ணாச்சி, கையக் கழுவிட்டுச் சீட்டத் தொடுங்க" என்றாள் மெதுவாக.

"எத்தன நாளாத் தெரியும் ஒனக்கு?"

"ரெண்டு வருசம் இங்கதான சல்லட பிடிச்சேன்? உங்களுக்கு எதுத்தாப்புல உக்காந்து. நீங்க தூக்கிக் காட்டையில ஊரு மூஞ்சியப் பாப்பீக. நான் கீழ கெடக்கிற முதுகப் பாத்துக்கிட்டே இருந்தேன்."

"ஒருத்தர்ட்டயும் சொல்லலயா?"

"எல்லாத்துக்கும் நல்லதத்தான சொல்லி அனுப்புனீக. அதக் கெடுத்து எனக்கு என்ன ஆகப்போகுது?" தலைப்பை எடுத்து முகத்தைத் துடைத்தாள். "இருக்கது அது ஒண்ணுதான் அண்ணாச்சி. அதையும் வித்துட்டா நாளைக்கு நானும் எம்பிள்ளைகளும் ஊரான் காட்டுல குனியணும். அதான். வாரேன்."

மறுநாளே அண்ணாச்சி அருப்புக்கோட்டை போய்ப் புதுக் கட்டு ஒன்று வாங்கினார். தராசுக்குப் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் வைத்தார். புதுக் கட்டில் நல்லதும் விழுந்தது, கெட்டதும் விழுந்தது. விழுந்ததை விழுந்தபடி சொன்னார். இரண்டு மாதத்தில் கூட்டம் பாதியானது. "சோப்புப் போட்டதுல கரியோட வாக்கும் போயிருச்சு" என்றார் சங்கையா. விஷயம் தெரிந்து சொன்னாரா தெரியாமல் சொன்னாரா என்று அண்ணாச்சி கேட்டுக்கொள்ளவில்லை. கூட்டம் குறைந்ததில் தொழிலைப் பார்க்க நேரம் கிடைத்தது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். அது பொய்யும் இல்லை.

ஆடியில் உக்கிரபாண்டி கொட்டகைக்கு வந்தான். புருஷனும் பெண்டாட்டியும் ஒரு ஏக்கர் முள்ளைத் தாங்களே வெட்டிவிட்டார்களாம். மூட்டம் போட வேண்டும், அண்ணாச்சி வந்து நிற்க வேண்டும் என்று அவள் சொல்லி அனுப்பியிருக்கிறாள். ஐந்து ஏக்கரும் தனக்கு என்று கணக்குப் போட்டவருக்கு ஒரு ஏக்கர் மூட்டத்துக்குக் காவல் நிற்க அழைப்பு. ஏஜெண்டு கார் அதற்குள் வேறு ஊருக்குத் திரும்பியிருந்தது. அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அந்த வட்டாரத்தில் மூட்டம் அடுக்க அவரை விட்டால் ஆள் ஏது?

கட்டையை அடுக்கி, தழையும் வைக்கோலும் போர்த்தி, மேலே மண் பூசி, காற்றுக்குத் துளை விட்டுத் தீ வைத்தார். நாலாம் நாள் காலையில் வெள்ளையாகக் குமைந்த புகை மெலிந்து வந்தது. உக்கிரபாண்டிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"அண்ணாச்சி, இன்னைக்குப் பிரிக்கலாமான்னு ஒரு சீட்டுப் பாத்துருவமா?"

"ஏலே, பொகையப் பாருலே. வெள்ளையா வந்தா ஈரம் இருக்கு. ஊதா ஓடுனா வெந்திருச்சு. நாப்பது வருசம் பாத்த கண்ணுக்கு இதுக்குப் போயி சீட்டு வேணுமாக்கும்?"

அன்றைக்குப் பிரிக்கவில்லை. புகை ஊதாவானதும் துளையை அடைத்து, ஆறவிட்டு, மூன்று நாள் கழித்துப் பிரித்தார்கள். தட்டினால் கண்ணாடி மாதிரிக் கணீரென்றது கரி. ஒரு கட்டைகூட அரைவேக்காடு இல்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்களிடம் உக்கிரபாண்டி பெருமையாகச் சொன்னான்: "வித்துட்டுப் போயிருப்பேன். அண்ணாச்சி சீட்டு தடுத்துச்சு."

"பின்ன? நான் சொன்னேன்ல, விக்காதன்னு!" என்றார் அண்ணாச்சி, முகத்தில் ஒரு சுருக்கமும் விழாமல். "ஆறு சீட்டுலே, ஆறும் இஸ்பேடு. எவனுக்கு விழும் அப்பிடி?"

முருகலட்சுமி தூக்குவாளியில் சோறும் ஒரு செம்புத் தண்ணீரும் கொண்டுவந்தாள். சிரிப்பை அடக்கத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு செம்பைச் சாய்த்தாள்.

"கைய நீட்டுங்க அண்ணாச்சி. நல்லாத் தேய்ச்சுக் கழுவுங்க."

அண்ணாச்சி இரண்டு கையையும் நீட்டினார். கட்டைவிரலைத்தான் முதலில் தேய்த்தார்.