மீசை வைத்த ரதி

இதை எழுதலாமா, வேண்டாமா என்று வருஷக்கணக்காக எனக்குத் தயக்கம். கோயில் விஷயம், நானோ ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனால் இந்த மாசியில் நடந்ததைப் பார்த்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தால் சாமி என்னைச் சும்மா விடாது!

இலங்கை மலைநாட்டில், கினிகத்தேனைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் காமன் கூத்து. சிவனின் நெற்றிக்கண்ணில் எரிந்துபோன காமனுக்காக ரதி அழுகிற கூத்து. ரதி வேஷம் எப்போதும் ஆணுக்குத்தான். பல வருஷமாக எங்கள் ரதி, முத்துராசு. பேச்சு, நடை, வெட்கம் எல்லாம் பெண்ணைப்போல. பிறவியே அப்படி. ரதி எங்கள் லயத்து வீட்டு வரிசைக்கு வந்தால் பெண்கள் மஞ்சள் தண்ணீரால் காலைக் கழுவி, ஆசீர்வாதத்துக்குப் பிள்ளைகளை மடியில் கொடுப்பார்கள். வருஷமெல்லாம் கேலி கேட்கிற முத்துராசுவுக்கு அந்த ஒரு நாள்தான் மரியாதை.

அதையும் பறித்தார் கோயில் கமிட்டியின் புதிய தலைவர். காப்புக் கட்டி விரதம் இருந்தவரைக் கூப்பிட்டு, "ஒனக்கு வேஷம் இல்ல. பொம்பளையாட்டம் திரியிறவன் ரதி கட்டுனா தோட்டத்துக்கே கேவலம். காப்ப அவுத்துரு" என்றார்.

வேஷம் யாருக்குப் போனது தெரியுமா? தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிற சின்னையாவுக்கு! மீசையை எடுக்க மாட்டேன் என்று அவர் ஒரே அடம். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தது ரதி.

செம்போடு வெளியே வந்த என் மனைவி பார்த்தாள். "என்ன சின்னையாண்ணே, பல்லு வலியா?" என்று கேட்டுவிட்டு, நேரே லயத்தின் கடைசிக் காம்பரா வீட்டுக்கு நடந்தாள். முத்துராசு கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடந்தார்.

"ரதியம்மா... வெளிய வாங்க. தண்ணி ஆறுது."

மற்றப் பெண்களும் செம்புகளோடு பின்னால் போனார்கள்.

ரதியோடு கூட வந்த தலைவர் என்மேல் பாய்ந்தார். "அண்ணே, ஒங்க சம்சாரத்தக் கூப்புடுங்க!"

"நீங்களே கூப்புடுங்க தம்பி. சாமி காரியத்துல நான் குறுக்க வர மாட்டேன்."

கதவு திறந்தது. முத்துராசு கையில் காப்பு அப்படியே இருந்தது.

எது கேவலம்? உடம்பில் பாதியைப் பெண்ணாக வைத்திருக்கிற சிவனைக் கும்பிடுகிறோம். மோகினியாக வந்த பெருமாளுக்குப் பூப்போடுகிறோம். நம் முன்னோர் சாமியிடம் கண்டு கையெடுத்ததை நாம் மனிதரிடம் கண்டால் காறித் துப்புவதா? இப்படிப்பட்டவர்களைக் குற்றவாளி என்று சட்டம் எழுதியவன் கப்பலில் வந்த வெள்ளைக்காரன் என்கிறார், கோர்ட்டில் வேலை பார்க்கும் என் மச்சான். அவன் கொடி இறங்கியாச்சு – அவன் வெட்கத்தை மட்டும் நாம் ஏன் இன்னும் சுமக்கிறோம்?

வாசிக்கத் தெரியாதவர்களுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். ஒன்றும் கூட்ட வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். எங்கள் தலைவர் பக்கத்தில் இருந்தால் மட்டும்... கொஞ்சம் சத்தமாக!