மாதவன் அண்ணாச்சி மொழி பார்த்த கதை

மாதவன் அண்ணாச்சிக்கு யாராவது காபி வாங்கிக் கொடுத்தால், "என்ன விசயம்?" என்று கேட்ட பிறகுதான் தம்ளரைத் தொடுவார். கோவில்பட்டியில் அவருடைய சாப்ட்வேர் ஆபீசும் என்னுடைய ஜெராக்ஸ் கடையும் ஒரே மாடியில் இருக்கின்றன. நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. பன்னிரண்டு வருஷமாக அவர் பேசுவதெல்லாம் எனக்குக் கேட்கும். நான் ஒட்டுக் கேட்கிறேன் என்று அவருக்குச் சந்தேகம். அது ஒன்றுதான் சரியான சந்தேகம்.

ஓட்டப்பிடாரத்துக்குப் பக்கம் கரிசலில் பருத்தி போட்ட குடும்பம் அவருடையது. மழை ஏமாற்றிய ஒரு வருஷம் இங்கே வந்து கம்ப்யூட்டர் படித்தார். தீப்பெட்டி ஆபீசுகளுக்கென்று தானே ஒரு புரோகிராம் எழுதினார். எந்தக் குச்சியை என்றைக்கு மருந்தில் முக்கினார்கள், எந்தப் பண்டல் எந்த லாரியில் எந்த ஊருக்குப் போனது, எல்லாம் அதில் இருக்கும். பத்தொன்பது ஆபீஸ் அதை வைத்து ஓடின. பிறகு கூட்டாளி அழகிரிசாமி அந்தப் புரோகிராமை அப்படியே நகல் எடுத்துக்கொண்டு ஏழு ஆபீசோடு போய்விட்டார். அன்றிலிருந்துதான் மனுஷன் இப்படி. பாவம்தான். ஆனால் அழகிரிசாமி செய்ததற்கு ஊரில் உள்ள எல்லோரும் தண்டனை அனுபவிப்பது என்ன நியாயம்?

அந்தப் புரோகிராம் விஷுவல் பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதியது. அந்த மொழியை உண்டாக்கியவர்களே அதைக் கைகழுவிப் பல வருஷமாயிற்று. புதுக் கம்ப்யூட்டர் வாங்கிய ஆபீசுகளில் அடிக்கடி மக்கர் பண்ணியது. வேறொரு மொழியில் முழுசாகத் திருப்பி எழுதாவிட்டால் மிச்சமிருக்கும் பன்னிரண்டு ஆபீசும் கைவிட்டுப் போகும். பைத்தானா, சி ஷார்ப்பா என்பதுதான் கேள்வி.

அவரிடம் வேலை பார்த்தவள் உமாராணி ஒருத்திதான். புதூர் பக்கத்துப் பெண். வீட்டில் மானாவாரி உளுந்தும் கொஞ்சம் ஆடுகளும். இவள் சம்பளம்தான் அந்த வீட்டுக்கு நிச்சயமான வரவு. அவளுக்கு நன்றாகத் தெரிந்தது பைத்தான். ஆகவே பைத்தான் என்றுதான் சொல்லுவாள் என்று அண்ணாச்சி மறுப்புகளைத் தயாராக வைத்திருந்தார்.

அவளோ, "சி ஷார்ப்பே எடுத்துக்கிடுவோம் அண்ணாச்சி," என்றாள். "ஆபீசுகள்ல இன்னும் பாதி பழைய விண்டோஸ் பெட்டிதான். பைத்தான ஒவ்வொண்ணுலயும் ஏத்தி முடிக்கதுக்குள்ள உயிரு போயிரும். சி ஷார்ப் லேசா உக்காந்துக்கிடும். எனக்குத் தெரியாதுதான். மூணு மாசத்துல படிச்சுக்கிடுதேன்."

அன்று சாயங்காலம் அண்ணாச்சி என் கடைக்கு வந்தார். "தெரிஞ்சத விட்டுட்டுத் தெரியாதத ஒருத்தி கேக்கான்னா என்ன அர்த்தம்? நம்ம செலவுல படிச்சுட்டுப் பெரிய கம்பெனிக்குப் போகப் பாக்கா."

பைத்தான் என்று சொல்லியிருந்தாலும், தன் இடத்தைக் கெட்டியாக்கப் பார்க்கிறாள் என்றிருப்பார். இந்த மனுஷனிடம் எதைச் சொல்லித் தப்பிக்க?

தையில் எடுத்த பேச்சு ஆடி வரை முடியவில்லை. இரண்டு ஆபீஸ்காரர்கள் வேறு ஆள் பார்த்துவிட்டார்கள். கடைசியில், எந்த மனுஷரையும் நம்பாதவர் சாமியிடம் போனார். கிணறு வெட்டவும் பெண் எடுக்கவும் எங்கள் பக்கம் பூக்கட்டிப் பார்ப்பதுண்டு. சிவப்பு அரளி ஒரு பொட்டலத்தில், வெள்ளை நந்தியாவட்டை ஒரு பொட்டலத்தில். சாமி முன்னால் போட்டு, ஒரு சின்னப் பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். சிவப்பு வந்தால் பைத்தான், வெள்ளை வந்தால் சி ஷார்ப். சாஸ்தா கோயிலில் சி ஷார்ப்புக்குப் பூக்கட்டிய முதல் ஆள் இவராகத்தான் இருப்பார். பொட்டலம் கட்டியது அவர் மனைவி வேலுத்தாய்.

பூசாரி பேத்தி எடுத்ததில் சிவப்பு வந்தது. வழக்கமாக அத்தோடு விழுந்து கும்பிட்டுவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள். மற்றப் பொட்டலத்தை யாரும் பிரிப்பதில்லை. அண்ணாச்சி பிரித்தார். அதிலும் சிவப்பு.

வேலுத்தாய் அங்கேயே ஒத்துக்கொண்டாள். "வேற மொழின்னா நீங்க வேற ஆளத்தான வைப்பீக? அந்தப் புள்ள வேலை போயிரும்லா. அதான் ரெண்டுலயும் செவப்ப வச்சேன்."

மறுநாள் காலை தடுப்புக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டது.

"ஏங்கிட்ட சி ஷார்ப்னு நல்லவ மாதிரி சொல்லிட்டு, பின்னால எம் பொண்டாட்டிய விட்டுப் பைத்தானுக்குப் பூக்கட்டுதியோ?"

"அக்காகிட்ட நான் ஒண்ணுமே சொல்லல அண்ணாச்சி."

"அழகிரிசாமியும் இப்படித்தான் சொன்னான்."

அவள் பையை எடுத்துக்கொண்டு வேலையை விட்டுக் கிளம்பிவிட்டாள். போகும்போது என் கடையில் ஒரு பென் டிரைவைக் கொடுத்து, "அண்ணாச்சிட்ட குடுத்துருங்க," என்றாள். எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரத்தில் இரண்டு நாள் கொடுக்காமல் வைத்திருந்தேன்.

அதில் முழுப் புரோகிராமும் இருந்தது, சி ஷார்ப்பில். அவர் முடிவெடுக்காமல் கிடந்த ஆறு மாதத்தில் தானாகவே படித்து எழுதியிருக்கிறாள். நானும் அண்ணாச்சியும் அதை ஒரு தீப்பெட்டி ஆபீசின் பழைய பெட்டியில் ஏற்றினோம். முதல் தடவையிலேயே ஓடியது.

அப்போதும் அண்ணாச்சி நம்பவில்லை. "உள்ள எதையாவது சொருகி வச்சிருப்பா. ஒரு நாள் எல்லாத்தையும் நிப்பாட்டிருவா," என்று வரி வரியாக வாசிக்க ஆரம்பித்தார். புரியாத இடத்தில் வீடியோ பார்த்துப் படித்தார். இருபது நாள் ஆயிற்று. ஒருநாள் என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். புரோகிராம் நெடுக, ஒவ்வொரு பகுதிக்கும் மேலே தமிழில் குறிப்பு எழுதி வைத்திருந்தாள்.

'அண்ணாச்சி, மழைக்காலத்தில் குச்சி காய நாள் கூடும். அதை இந்த வரியில் மாற்றிக்கொள்ளலாம்.'

'இந்த இடம் குழப்பும். உங்கள் பழைய புரோகிராமில் நீங்கள் செய்ததுதான், பெயர் மட்டும் வேறு.'

யார் துணையும் இல்லாமல், அவளே இல்லாமல்கூட, அவர் தொழில் நடத்த வேண்டும் என்று எழுதியிருக்கிறாள். அவர் முகத்தைப் பார்க்கவே பிடிக்காமல் என் கடைக்கு வந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் போன் போட்டார். ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"உமா, நான் மாதவன் பேசுதேன்."

"சொல்லுங்க அண்ணாச்சி. நான் தூத்துக்குடியில வேலைக்குச் சேந்துட்டேன். புரோகிராம் ஓடுதா?"

"ஓடுதும்மா. பூராத்தையும் வாசிச்சேன்."

"வாசிப்பீயன்னு தெரியும்," என்றாள். குரலில் கோபமே இல்லை. "தேடுனது எதுவும் கெடச்சுதா?"