தூங்கிக்கிடந்த தசை

பெயிண்டருக்கு ஏணி என்றால் உயிர். ஒரு கையில் டப்பா, மறு கையில் பிரஷ் என்று படிக்கட்டில் ஏறுகிற மாதிரி ஏறுவார். அப்படிப்பட்ட மனுஷன் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கினார். முதலில் மேற்கூரை வேலையை மச்சானிடம் விட்டார். பிறகு மேல்சுவர். கடைசியில் கதவு, ஜன்னல் என்று உட்கார்ந்து செய்கிற வேலைதான் மிச்சம். கேட்டால், நுணுக்கமான வேலைக்குத்தான் அனுபவம் வேண்டும் என்பார். நெஞ்சுவலி என்று ஒரு நாளும் சொன்னதில்லை. வலித்தால்தானே சொல்ல? மூச்சுதான் வாங்கும். மூன்றாவது மாடியில் குடியிருந்த மகளுக்குக் குழந்தை பிறந்த பிறகும், பெயிண்ட் வாசனை பேத்திக்கு ஆகாது என்று சாக்குச் சொல்லிக் கீழே வாசலோடு நின்றுகொண்டார்.

மச்சானுக்கு வாய் சும்மா இருக்குமா?

"மாமா, இப்படியே போனா அடுத்த வருஷம் நீங்க தரைக்கு மட்டும்தான் பெயிண்ட் அடிப்பீங்க."

கால் வீங்கியபோதுதான் மனைவி அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய்கள் பல வருஷமாகச் சுருங்கிக் கிடக்கின்றன, இதயத்தின் முன்பக்கம் அசையவே இல்லை என்றார் டாக்டரம்மா. அந்தத் தசைக்கு உயிர் இருந்தால் ஆபரேஷன் பலன் தரும், இல்லையென்றால் ஆபத்துதான் மிச்சம். அதை இன்னொரு சோதனை செய்து பார்க்கலாம் என்றும் சொன்னார். பெயிண்டர் காதில் விழுந்தது 'அசையவில்லை' என்பது மட்டும்தான்.

வீட்டுக்கு வந்ததும் தீர்ப்பு சொல்லிவிட்டார். "செத்த பூச்சு மேல எத்தனை கோட் அடிச்சாலும் நிக்காது. என்னை விட்ருங்க."

மனைவி விடவில்லை. "சுவத்தத் தட்டிப் பாக்காமலே பூச்சு செத்துப்போச்சுன்னு என்னைக்காவது சொல்லியிருக்கீங்களா?"

"இல்ல."

"அப்போ வாங்க. அவங்களும் தட்டிப் பாக்கட்டும்."

சோதனை அறையில் அவரை இடப்பக்கமாகப் படுக்கவைத்து, நெஞ்சில் ஸ்கேன் கருவியை வைத்துக்கொண்டு, கை நரம்பில் இதயத்தைத் தூண்டும் மருந்தைத் துளித்துளியாக ஏற்றினார்கள். மகள் பக்கத்தில் நின்றாள். திரையில் இதயம் சுருங்கி விரிந்தது. ஒரு மூலை மட்டும் கல்லாகக் கிடந்தது. மருந்து ஏற ஏற, அந்த மூலை லேசாக அசைந்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டதும் தூக்கத்திலேயே புரண்டு படுப்பார்களே, அப்படி.

"செத்தது கூப்பிட்டா திரும்பாது. இது தூங்குது," என்றார் டாக்டரம்மா. வருகிற ரத்தம் குறையக் குறைய, இந்தத் தசை தன் வேலையையும் குறைத்துக்கொண்டதாம். முழு வேலையும் செய்தால் செத்துப்போகும். அதனால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு உயிரை மட்டும் பிடித்துவைத்திருக்கிறது. ஆனால் இப்படியே எத்தனை காலம் தாங்கும் என்று சொல்ல முடியாது, விட்டுவிட்டால் நிஜமாகவே செத்துவிடும் என்றார்.

பெயிண்டருக்கு உடம்பு சிலிர்த்தது. "இதுக்கு யாரும்மா சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்ல. எப்படிச் செய்யுதுன்னு நாங்களே இன்னும் முழுசாக் கண்டுபிடிக்கல."

பெயிண்டர் ஆபரேஷனுக்குத் தலையாட்டினார். காலிலிருந்து ஒரு ரத்தக்குழாயை எடுத்து, அடைப்பைச் சுற்றி ரத்தத்துக்குப் புதுவழி போட்டார்கள். வீடு திரும்பியதும் ஓடலாம் என்று நினைத்தவருக்கு, மூச்சு பழையபடியே வாங்கியது. நெடுநாள் தூங்கினது சட்டென்று எழுந்திருக்காது, விட்டுப்போன தசைநார்களையெல்லாம் திரும்பக் கட்டவேண்டும், சிலருக்கு முழுசாகத் திரும்பாமலும் போகலாம் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். ஆனாலும் பெயிண்டருக்குப் பயம். பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு சுவரையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"உங்க பேத்திக்குத் தலை நிக்கவே எத்தனை மாசம் ஆச்சு? அவளை அவசரப்படுத்தினீங்களா?" என்றாள் மனைவி.

சில மாதங்கள் கழித்து மறுபடியும் அதே படுக்கை. இந்த முறை மருந்து இல்லை. பெயிண்டர் திரையைப் பார்க்கவில்லை, மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கண் நிறைந்துவிட்டது.

"அப்பா, திரும்பிப் பாருங்க."

அந்த மூலை அசைந்தது. மற்ற இடம் மாதிரி முழுசாக இல்லை. கொஞ்சம் பிந்தி, கொஞ்சம் கூச்சத்தோடு. ஆனால் யாரும் கூப்பிடாமல், தானாகவே சுருங்கி விரிந்தது.

"இத்தனை வருஷமா உள்ளயே காத்துக்கிட்டு இருந்துச்சா," என்றார் பெயிண்டர். "டாக்டரம்மா, இன்னும் கொஞ்ச நேரம் காட்டுங்க."

வெளியே வரிசை நின்றது. டாக்டரம்மா கருவியை அவர் நெஞ்சிலிருந்து எடுக்கவில்லை.